பாலத்தை விட்டுப் போன மாமா

"பாலத்துலதான் இருக்கேன்" என்றார் மாமா.

ஹெட்போனில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கூடவே கடலூரில் அவர் வீட்டு மின்விசிறியின் கடகடப்பும், அக்கா சமையலறையில் பாத்திரம் போடுகிற சத்தமும். ஞாயிற்றுக்கிழமை மதியம். சிதம்பரத்தில் என் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் படத்தை நகர்த்திப் பாலத்தைப் பார்த்தேன். ஈ, காக்கை இல்லை.

"எங்க மாமா இருக்கீங்க?"

"பாலத்துலதான்டி. வடக்கு முனையில."

வடக்கு முனையிலும் யாரும் இல்லை. மணல் மூட்டை அடுக்கிய இடம் காலி. பீரங்கி மட்டும் அநாதையாக நின்றது. எதிரியின் டாங்கி நிதானமாக, தேர் அசைந்து வருகிற மாதிரி, பாலத்தில் ஏறியது. ஆட்டம் முடிந்தது.

"லைன் கட்டாயிடுச்சு ஜெசி" என்றார்.

லைன் கட்டானால் குரலும் கட்டாகும். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து வயிறு கழுவுகிறவளிடம் இந்தப் பொய்யைச் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டில் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறவர் வீட்டில் என்னவெல்லாம் சொல்வார்?

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குச் சண்டை விளையாட்டு எதற்கு என்று, நான் வாராவாரம் எழுதுகிற இந்த கேம் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருக்கிறார். அவர் மதியம் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லையே. மேலே படியுங்கள், அல்லது பக்கத்தைப் புரட்டுங்கள்.

பொம்மைப் போர்

சர்வீசுக்கு வருகிற கம்ப்யூட்டர் சூடாகிறதா, நடுவில் நின்றுபோகிறதா என்று பார்க்க ஏதாவது பெரிய கேம் போட்டு ஓட விடுவோம். அப்படி ஒருநாள் ஓட விட்டதுதான் இது. இரண்டாம் உலகப் போர். நீங்கள் மேலே இருந்து பார்க்கிறீர்கள். கீழே எறும்பு அளவுக்குச் சிப்பாய்கள், லாரிகள், பீரங்கிகள். எங்கே போகச் சொல்கிறீர்களோ அங்கே போவார்கள். தொட்டால் "இருக்கேன்" என்கிற மாதிரி ஏதோ ஒரு பாஷையில் குரல் கொடுப்பார்கள். ஓரத்தில் அவர்கள் முகம் தெரியும்.

கம்ப்யூட்டர் அதன் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. கேம் என்னிடம் தங்கிவிட்டது.

தனியாக ஆடி எல்லா மிஷனையும் முடித்தேன். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டிய பால மிஷனில் மாட்டிக்கொண்டேன். யாரைக் கூப்பிடுவது? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு வருகிற பையன்களுக்கு வாய்தான் நீளம். அக்கா வீட்டுக்காரர் சேவியர் மாமாவிடம் கேட்டேன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்காருவார். நிதானமான மனிதர். கை நடுங்காது.

மிஷன் இதுதான். பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். நடுவில் ஆறு. ஒரே ஒரு பாலம். நம் பெரிய படை வந்து சேரும்வரை பாலத்தைக் காப்பாற்ற வேண்டும். வெடி வைத்துத் தகர்த்துவிடலாமே என்று தோன்றும். தகர்க்காதீர்கள். நம் படையும் அதே பாலத்தில்தான் வர வேண்டும். மாமா பாலத்தில். நான் ஊருக்குள், மேட்டில்.

முதலில் காட்டு வழியாகக் கொஞ்சம் பேர் நோட்டம் பார்க்க வருவார்கள். பிறகு ஊரில் சைரன் அடிக்கும். விமானங்கள் வந்து குண்டு போடும். அதற்குப் பிறகு டாங்கிகள். முக்கால்வாசிப் பேர் விமானத்தோடு செத்துவிடுவார்கள். நாங்களும் ஒவ்வொரு வாரமும் செத்தோம்.

நான் கடைக்குள் "சுடு, சுடு" என்று கத்துவதைக் கேட்டு, கடைக்கு இடம் கொடுத்திருக்கிறவர் ஒருநாள் ஷட்டருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். கோயிலை ஒட்டியே பரம்பரையாக இருக்கிற குடும்பம். உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று கண்ணாலேயே துழாவினார். "யாரைம்மா சுடச் சொல்றீங்க?" என்றார். ஜெர்மன்காரனை என்றேன். நம்பவில்லை. அடுத்த மாதமே எனக்குச் சொல்லாமல் சந்தில் கேமரா வைத்தார்.

அக்காவின் போன்

டாங்கி பாலத்தில் ஏறிய அந்த வாரமே மேரி அக்கா போன் செய்தாள். மாமா வேலைக்குப் போயிருந்த நேரம்.

வார லீவு நாளில் எங்கோ போகிறாராம். கேட்டால் நண்பனைப் பார்க்க நெய்வேலி என்கிறாராம். போனை அணைத்து வைத்துவிடுகிறாராம். சர்ச்சில் பாட்டுப் பாடுகிற ஒரு அம்மா, அவர் திட்டக்குடி பஸ்ஸில் பழங்கள் வாங்கிய பையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். எங்களுக்குத் திட்டக்குடியில் யாரும் கிடையாது.

"நெய்வேலிக்கும் திட்டக்குடிக்கும் வித்தியாசம் தெரியாதவளாடி நானு?"

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அது இன்னும் மோசம்.

"நீ வாராவாரம் அவரோட மணிக்கணக்கா பேசற. நீ கண்டுபிடி. பொம்பள விஷயம்னா ஒரே வார்த்தை சொல்லு. மறுநாளே ஒங்கிட்ட வந்துடறேன். திரும்பிப் போக மாட்டேன்."

என் அக்கா சொன்னால் செய்வாள். சின்ன வயதில் கடலூர் ஓல்டு டவுனில் மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் தாயம் ஆடுவோம். அப்பா ஒரு தடவை காயைத் திருட்டுத்தனமாக ஒரு கட்டம் தள்ளி வைத்தார். விளையாட்டுக்குத்தான். அக்கா பார்த்துவிட்டாள். எழுந்து போனாள். அதற்குப் பிறகு அப்பாவோடு அவள் எந்த ஆட்டமும் ஆடியதில்லை. அவர் சாகிறவரை.

ஆகவே, நான் என்ன சொல்கிறேனோ அதில்தான் ஒரு குடும்பம் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் சந்தேகம். அக்காவைவிட ஜாஸ்தி.

ரீப்ளே

ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற வசதி இந்த கேமில் உண்டு. எதிராளி கண்ணாலும் பார்க்கலாம், கூட்டாளி கண்ணாலும் பார்க்கலாம். மாமாவுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

பழைய ஆட்டங்களை எல்லாம் எடுத்து அவர் பக்கமிருந்து பார்த்தேன்.

சைரன் அடிக்கும்வரை ஒரு குறை சொல்ல முடியாது. சைரன் அடித்ததும் அவர் பாலத்திலிருக்கும் அத்தனை பேரையும் கிளப்பி, ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளிக்குக் கொண்டுபோகிறார். வரிசையாக நிறுத்துகிறார். பிறகு ஒவ்வொருவனாகத் தொடுகிறார். குரல் வந்ததும் அடுத்தவனுக்குப் போவதில்லை. அவன் முகம் ஓரத்தில் வரும்வரை காத்திருக்கிறார். ஒருவன் குறைந்தால் அவனைத் தேடித் திரும்ப ஊருக்குள் வருகிறார். அதற்குள் விமானம் வந்து மைதானத்தில் நிற்கிற அத்தனை பேரையும் ஒரே குண்டில் முடித்துவிடுகிறது.

எல்லா ஆட்டத்திலும் இதேதான். ஒரு தடவைகூட மாறவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இந்த கேமில் விமானத்துக்குக் கண் கிடையாது. கூட்டம் எங்கே ஜாஸ்தியோ அங்கே போடுகிறது. கம்ப்யூட்டர் என்னைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாமே போய்க் கூடி நின்று காட்டிக்கொடுக்கிறோம்.

இன்னொன்று, மாமா தோற்க வேண்டும் என்று தோற்கவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சைரன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, அசெம்பிளி பாயிண்ட் என்று போர்டு வைத்த மைதானத்துக்கு ஓட வேண்டும். அங்கே தலை எண்ணுவார்கள். வருஷக்கணக்கில் பழகியது. கை தானாக அங்கே போகிறது.

சரி. பழக்கம் என்றால் சிரித்துவிட்டுச் சொல்லலாமே. பாலத்தில் இருக்கிறேன் என்று ஏன் பொய்? ஒவ்வொரு முகமாக ஏன் பார்க்க வேண்டும்? அதற்கும் திட்டக்குடிக்கும் என்ன?

அடுத்த ஞாயிறு நேராகவே கேட்டேன். "திட்டக்குடியில யாரு மாமா இருக்கா?"

மின்விசிறிச் சத்தம் பட்டென்று நின்றது. ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டார்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு

இந்த மிஷனில் புதிதாக ஆடுகிறவர்கள் செய்கிற தப்பு, நோட்டம் பார்க்க வருகிறவனைக் கண்டதும் சுடுவது. சுட்டால் நம் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சுடக் கூடாது. போக விட வேண்டும். எங்கே போகிறான், எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். முதல் குண்டு டாங்கிக்குத்தான்.

மாமாவின் அடுத்த வார லீவன்று கடையைப் பூட்டிவிட்டு, காலை பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு வழியாக விருத்தாசலம் போனேன். கடலூரிலிருந்து திட்டக்குடி போகிறவர் அங்கேதான் பஸ் மாறுவார். மாஸ்க் போட்டு, தலையில் முக்காடு. கொரோனா செய்த ஒரே நல்லது, மாஸ்க் போட்டவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாமா வந்தார். கையில் பை. இங்கும் அங்கும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளிந்து போகிறவன் பார்வை அது. திட்டக்குடி பஸ்ஸில் பின்னால் ஏறினார். நான் முன்னால் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். பெண்ணாடம் தாண்டும்வரை அக்காவிடம் என்ன வார்த்தை சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

இறங்கி நடந்தார். நான் தூரத்தில். கரும்பு வண்டி நிற்கிற ஒரு தெருவில், பாதி பூசாத வீட்டின் முன் நின்றார். ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். லட்சணமாக இருந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து எதிரே உட்கார்ந்தான். இரண்டு பேரும் பேசின மாதிரியே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து போய்விட்டார். பை நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"நீங்களும் கம்பெனியா?"

நான் போய் நின்றேன்.

"யாரு நீங்க? ஒருத்தர் போனா இன்னொருத்தரு. நீங்களும் கம்பெனியா?" என்றாள் அந்தப் பெண்.

இல்லை, இப்போது போனவர் என் அக்கா வீட்டுக்காரர் என்றேன்.

"அப்ப கம்பெனி ஆளோட ஆளு."

அவர் எதற்கு இங்கே வருகிறார் என்று கேட்டேன்.

"அத நாங்க ஒங்கள கேக்கணும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவள் கணவர், பெயர் கலியமூர்த்தி. மாமா வேலை பார்க்கும் இடத்தில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். ஒரு வாக்கியம் பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒருநாள் உள்ளே ஏதோ கசிந்து சைரன் அடித்ததாம். எல்லோரும் மைதானத்துக்கு ஓடியிருக்கிறார்கள். இவர் பாதி வழியில் செல்போனை எடுக்கத் திரும்ப உள்ளே போயிருக்கிறார். இவரைத் தேடி யாரும் சீக்கிரம் வரவில்லை. வருவதற்குள் அந்த வாயு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

"வருவாரு. உக்காருவாரு. நல்லாருக்கியாம்பாரு. எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பாரு. போயிடுவாரு. எனக்கு பயமா இருக்கும்மா."

"நாங்க கேசு போடறமா, யாராண்ட பேசறோம்னு பாத்துட்டு வரச்சொல்லி அனுப்பறாங்க" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதா? பழத்துக்கு மயங்கற ஆளு நான் இல்ல. நீங்களும் போய் அதச் சொல்லுங்க."

அவளை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்தால் நாற்காலிகூடப் போட்டிருக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

"விருத்தாசலத்துலயே பாத்துட்டேன். அந்த நடைய மாஸ்க் போட்டு மறைக்க முடியுமா?"

"அக்காகிட்ட நெய்வேலின்னு சொல்றீங்க."

டீ வந்தது. என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார். அன்றைக்குத் தலை எண்ணியது அவர்தானாம். காண்ட்ராக்ட் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தினசரி ஆஜர் எடுக்கும்போது ஒருவன் வர லேட்டானால், பக்கத்தில் நிற்கிறவன் அவனுக்காகக் குரல் கொடுப்பான். அரை நாள் கூலி போகக் கூடாது என்று. எல்லோருக்கும் தெரியும். யாரும் கண்டுகொள்வதில்லை. அன்று மைதானத்திலும், கலியமூர்த்தி பின்னால் வந்துகொண்டிருப்பான் என்று நினைத்து எவனோ குரல் கொடுத்திருக்கிறான்.

"இருக்காருன்னு கொரல் கேட்டுச்சு ஜெசி. சரின்னு விட்டுட்டேன். மூஞ்சியப் பாக்கல."

அக்காவிடம் இதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவ ஒரே கேள்வி கேப்பா. ஏன் பாக்கலன்னு கேப்பா."

அவர் சொன்னதை நான் முழுசாக நம்பினேனா? இல்லை. இதில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று தோன்றியது.

காலி லாரிகள்

அக்காவுக்குப் போன் செய்து, பொம்பள வீடு இல்லை, அடிபட்ட ஒரு ஆள் வீடு என்றேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் இன்னும் இறுகிவிட்டது. "மீதிய நீ சொல்லி நான் கேக்கறதா? எனக்கு அவரு சொல்லணும்" என்றாள். அவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை சிதம்பரம் வருவாளாம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, பொய் பொய்தான் என்றாள்.

ஞாயிறு மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூர் போனேன். காற்று சிப்காட் பக்கமிருந்து அடித்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரே மேசையில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். அக்கா அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். இந்த கேமை அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. நிலைமை ஒரு கோர்ட்டு மாதிரி இருந்தது.

இந்த மிஷனில் மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பீரங்கியைப் பாலத்தின் முனையில் வைக்காதீர்கள். ஆற்றங்கரை மில் சுவருக்குப் பின்னால், பாலத்தின் நடுவைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி வையுங்கள். டாங்கிக்கு முன் பக்கம்தான் கெட்டி. விலா மெல்லிசு. சிப்பாய்களை வீட்டுக்கு ஒருவராக, மரத்துக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வையுங்கள். ஊரில் இருக்கிற லாரிகளை எல்லாம் ஓட்டிப்போய் அந்த வெட்டவெளி மைதானத்தில் நெருக்கமாக நிறுத்துங்கள். டிரைவர்களை இறக்கி நடக்க விடுங்கள். விமானத்துக்குக் கூட்டம்தானே வேண்டும்? காலிக் கூட்டத்தைக் கொடுங்கள்.

மாமா எல்லாம் சொன்னபடி செய்தார். லாரி அடுக்கும்போது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு, சைரனுக்கு முன்னாலேயே, பிரித்து வைத்த ஆட்களை ஒவ்வொருவனாகத் தொட ஆரம்பித்தார்.

"ஏன் அப்படி ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?" என்றாள் அக்கா.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை வேலை செய்துகொண்டே இருந்தது. வாய் சொல்லத் தொடங்கியது. மைதானம், குரல், கலியமூர்த்தி, பஸ், பழம். எனக்குச் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். நான் திரையில் என் மேட்டைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கேட்டாள். அதே கேள்வி.

"ஏன் பாக்கல?"

அப்போது பார்த்து சைரன் அடித்தது. மாமாவின் கை மைதானத்தை நோக்கிப் போனது. நடுவில் நின்றது.

"காத்து எங்க பக்கம் திரும்புச்சு மேரி. சீக்கிரம் முடிச்சிட்டு அங்கேர்ந்து போயிடணும்னு இருந்துச்சு. பயந்துட்டேன். கொரல் வந்ததே போதும்னு வேணும்னே எடுத்துக்கிட்டேன்."

பாக்கி இருந்தது இதுதான்.

விமானங்கள் வந்தன. மைதானத்து லாரிகள் எரிந்தன. பாலத்தைச் சுற்றி ஒருவனும் அசையவில்லை, ஏனென்றால் மாமா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். டாங்கி பாலத்தின் நடுவுக்கு வந்ததும் மில் சுவருக்குப் பின்னாலிருந்து நான்தான் சுட்டேன். அவர் மவுசை இழுத்துக்கொண்டு அவர் பீரங்கியையும் நானே பார்த்துக்கொண்டேன். நம் படை வந்து சேர்ந்தது. கொடி ஏறியது. திரையில் வாழ்த்து வந்தது.

யாரும் கைதட்டவில்லை. அக்கா எழுந்து போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து, வாடை தாங்காமல் திரும்பச் சாத்தினாள். "அடுத்த லீவு என்னைக்கு?" என்று அவரிடம் கேட்டாள். செவ்வாய் என்றார்.

திங்கட்கிழமை அவள் சிதம்பரம் வரவில்லை. செவ்வாய் சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் திட்டக்குடி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அக்காவைப் பார்த்ததும், இந்தத் தடவை கம்பெனி பொம்பள ஆளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது என்று கத்தினாளாம். மாமா நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே, பயந்துட்டேன் என்று அவளிடமும் சொன்னாராம். அவள் கதவைச் சாத்திவிட்டாளாம். கலியமூர்த்தி மட்டும் வாசலில் உட்கார்ந்து, அடுத்த வாரமும் வருவீங்களா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"வருவோம்னேன்."

அப்படியென்றால் மாமாவை நம்பிவிட்டாயா என்று கேட்டேன்.

"நம்பறதுக்கு நாளாகும்டி. அவரு நெய்வேலின்னு சொன்ன மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது."

பின்னே ஏன் கூடப் போகிறாய், காவலுக்கா என்றேன்.

பஸ் எங்கோ நின்று கிளம்பியது. மாமா அவளிடம் ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. அவள் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"காவலுக்குத்தான். ஆனா ஜன்னலோர சீட்ட எனக்குக் குடுத்துட்டாரு. போன வை. காத்து வருது."